நாவலர் ஏற்ற முதற்பணி

சென்ற கிழமை, பண்டிதப் பரீட்சையிற் சித்தியெய்திய என் மாணாக்கர் ஒருவர் வந்து, ஆசிரியப் பணியொன்று கிடைத்திருப்பதாகவும், வேலை மிகுதி, வேதனம் சொற்பம் ஆதலின் ஏற்பதா விடுவதா என்றும் வினவினார். நல்லூர் ஆறுமுக நாவலரின் வரலாற்றையே அவருக்கு எடுத்துரைத்தேன்.

1822ஆம் ஆண்டு பிறந்த நாவலர், தாம் கற்ற மெதடிஸ்த பாடசாலையிலேயே ஏறக்குறைய இருபது வயதில் ஆசிரியராக அமர்ந்தார். அதுவே இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி. கீழ்வகுப்புக்களுக்கு ஆங்கிலமும் மேல்வகுப்புக்களுக்குத் தமிழும் கற்பித்தார். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றார். சைவர் ஒருவருக்கு, அதுவும் நல்லூர்ச் சைவர் ஒருவருக்கு, அஃது எளிய காரியமன்று. அவர் அப்பணியைத் துறந்ததைக் கொண்டாடுவோர் பலர்; ஏற்றதைப் பேசுவோர் சிலரே. வகுப்புக்களைத் தரம் பிரிக்கவும், பாடங்களைப் படிப்படியாக அமைக்கவும், எளிய உரைநடை எழுதவும் அவர் பழகியது அங்கேதான் என்பது என் துணிபு.

1848இல் அதனை விட்டு விலகி, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். அங்கே தமக்கென வேதனம் கொள்ளவில்லை; பிள்ளைகளிடம் சம்பளமும் வாங்கவில்லை. மறு ஆண்டு தமிழகம் சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். நாவலர் என்னும் பட்டத்தைத் திருவாவடுதுறை ஆதீனம் வழங்கியது அப்பயணத்திலேதான். பாலபாடங்கள் பின்னர் அச்சேறின.

யாவற்றையும் பொறுமையாகக் கேட்ட மாணாக்கர், நாவலர் இல்லறம் புகாதவர் என்பதையும், தமக்கு மணமாகாத தங்கையர் இருவர் உளர் என்பதையும் பணிவுடன் நினைவூட்டினார். எனக்கு உடனே விடை தோன்றவில்லை. மறுமொழிக் கடிதம் எழுதுமுன் அப்பள்ளிக்கூடத்தை ஒருமுறை நேரிற் பார்த்து வரும்படி மாத்திரம் சொல்லி அனுப்பினேன்.