தாய்மொழியைத் தேடிக் கற்ற குருவானவர்

ஆங்கிலப் பள்ளிகளுக்குப் பெயர்பெற்றது நம் ஏற்காடு. சேர்வராயன் மலையிலுள்ள நம் பிள்ளைகளும் நன்கு ஆங்கிலம் பேசுகின்றனர், மகிழ்ச்சியே. ஆனால், திருப்பலியில் தமிழ் வாசகம் வாசிக்க அழைத்தால் பலர் தயங்குகின்றனர். அருள்பணி தனிநாயகம் அடிகளாரின் வாழ்வு இங்கே நமக்கு வழிகாட்டுகிறது.

இலங்கையில் யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுப் பகுதியான ஊர்காவற்றுறையில் 1913 ஆகஸ்டு 2 அன்று அவர் பிறந்தார். ஆங்கிலேயர் ஆண்ட காலம் அது. கல்வியும் ஆங்கிலத்திலேயே அமைந்தது. உரோமையில் இறையியல் பயின்று 1938இல் குருவானார். இலத்தீன், இத்தாலியம் எனப் பல மொழிகள் கைவந்தன. தாய்மொழியின் இலக்கியமோ எட்டாமலே இருந்தது.

1940இல் வடக்கன்குளம் பள்ளியில் பணியேற்றபோது அக்குறையை உணர்ந்தார். குருவானவர் என்ற நிலையைப் பாராமல், தமிழறிஞர் ஒருவரிடம் மாணவராய் அமர்ந்தார். முப்பது வயதுக்குமேல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை பயின்றார்.

1948இல் இலங்கை விடுதலை பெற்றது. ஆனால் 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. அப்போது இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த அடிகளார், தமிழின் உரிமைக்காகக் குரல் கொடுத்தார். ஆயினும் பிற மொழிகளை வெறுக்கவில்லை. தம் பயண நூலுக்கு 'ஒன்றே உலகம்' என்றே பெயரிட்டார்.

தமிழின் சிறப்பை உலகறிய, 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகவும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடவும் முன்னின்று உழைத்தார். 1679இல் அச்சான தமிழ் - போர்த்துக்கீசிய அகராதியை மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார்.

நம் சேலம் மாவட்டத்திலிருந்தும் ஏழைகள் பலர் இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்றனர். அவர்களைப்போல் தொலைதூர மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குச் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்கள் காலப்போக்கில் தமிழையே மறந்தனர். அத்தீவுகளுக்குச் சென்றோரைப் பற்றியும் அடிகளார் ஆராய்ந்து எழுதினார்.

1974இல் யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காம் மாநாட்டின் இறுதி நாளில், காவல்துறையின் நடவடிக்கையால் உயிர்கள் பலியாயின. அத்துயரத்தையும் கண்ட அடிகளார், 1980 செப்டம்பர் 1 அன்று இறைவனடி சேர்ந்தார்.

கடல் கடந்து போனவர்கள் வறுமையால் மொழியை இழந்தார்கள். சொந்த மண்ணில் வாழும் நாம் எதனால் இழக்கிறோம்? குருவான பின்னும் மாணவராகித் தமிழ் கற்றார் அடிகளார். நாமும் நம் இல்லங்களில், இரவு செபத்தின்போது, பிள்ளைகளைத் தமிழில் விவிலியம் வாசிக்கச் செய்வோம். தொடங்க இன்றும் காலம் கடந்துவிடவில்லை.