நாய் மார்க் படத்தை வரைந்தவர்

பழைய இசைத்தட்டுகளைக் கையில் எடுத்தவர்களுக்கு அந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை. குழல் வைத்த கிராமபோன் பெட்டி. குழலின் வாய்க்கு நேரே தலையைச் சாய்த்துக் காது கொடுக்கும் வெள்ளை நாய். தட்டின் நடுவிலும் காகித உறையிலும் அதுதான் இருக்கும். எச்.எம்.வி. என்று கம்பெனி பெயர் சொல்லாமல் நாய் மார்க் என்றே கேட்டு வாங்கியவர்கள் நம்மவர்களில் அநேகர். அதை வரைந்தவர் பிரான்சிஸ் பராட் என்ற ஆங்கிலேயர்.

1856-ல் லண்டனில் பிறந்தார். தந்தையும் பெரிய தந்தையும் மிருகங்களை வரைவதில் பெயர் பெற்றவர்கள். பராடும் ராயல் அகாடமி பள்ளியில் பயின்று வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஆனால் பதக்கம் அடுப்பில் உலை ஏற்றாது அல்லவா? வருமானம் சுமார்தான்.

அவருடைய அண்ணன் மார்க், பிரிஸ்டல் நகரில் நாடகத் திரைச்சீலை எழுதியவர். 1887-ல் அவர் இறந்தபோது அவர் வளர்த்த நாய் தம்பியிடம் வந்து சேர்ந்தது. வருவோர் போவோர் காலைக் கவ்வும் குணத்தால் அதற்கு நிப்பர் என்று பெயர். சத்தம் வரும் போனோகிராப் குழலுக்குள் அது உற்றுப் பார்ப்பது பராடின் மனதில் பதிந்துவிட்டது. நிப்பர் 1895-ல் செத்துப்போனது. அதன் பிறகு, 1898-ல், நினைவிலிருந்தே படத்தை எழுதினார்.

வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை. பத்திரிகைகள் வேண்டாம் என்றன. நாய் எங்கே போனோகிராப் கேட்கிறது என்று சொல்லி போனோகிராப் கம்பெனியும் திருப்பி அனுப்பியது. படத்திலிருந்த கறுப்புக் குழல் எடுப்பாக இல்லை, பித்தளைக் குழலாக மாற்று என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். மாதிரிக்கு ஒரு குழல் இரவல் கேட்கலாம் என்று 1899-ல் லண்டன் கிராமபோன் கம்பெனிக்குப் போனார் பராட். மானேஜர் பாரி ஓவனுக்குப் படம் பிடித்துவிட்டது. போனோகிராப்பை அழித்துவிட்டுத் தங்கள் கிராமபோனை எழுதித் தந்தால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். படத்துக்கு 50 பவுன், உரிமைக்கு 50 பவுன், ஆக 100 பவுனில் விஷயம் முடிந்தது.

அமெரிக்காவில் விக்டர் கம்பெனியும் அதே படத்தை முத்திரையாக்கியது. 1909 முதல் பிரிட்டிஷ் கம்பெனியின் தட்டுகளிலும் நாய் ஏறியது. கல்கத்தா சியால்டாவில் 1908-லேயே தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலை வந்துவிட்டதால், தமிழ்ப் பாட்டும் இந்த நாயோடு வீடு வந்து சேர்ந்தது. விற்ற தட்டுகளுக்குக் கணக்கில்லை. உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டவருக்கு அதில் தம்பிடி கிடையாது. கேட்டு வாங்கிய விலைதான் என்றாலும், படிக்கிறவர்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

1913-க்குப் பின் கம்பெனிகளே அவரைத் தேடி வந்தன, அதே படத்தைப் பிரதி எடுத்துத் தரச் சொல்லி. மொத்தம் 24 பிரதிகள்! வேறு எதை வரைந்தாலும் உலகம் கேட்கவில்லை. அந்த நாய்தான் வேண்டும் என்றது. 1919-ல் இரு கம்பெனிகளும் சேர்ந்து ஆண்டுக்கு 250 பவுன் ஓய்வூதியம் கொடுத்தன. பின்னர் அது 350 ஆயிற்று. பென்ஷனின் அருமை நமக்குத் தெரியாததா? கடைசிக் காலத்தில் கவலையில்லாமல் இருந்து, 1924 ஆகஸ்டில், 68-வது வயதில் காலமானார்.

மூலப் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், கிராமபோனுக்கு அடியில் அவர் மறைத்த பழைய போனோகிராப்பின் கோடுகள் தெரியும்.