நடிகமணி வைரமுத்து

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கோயில் திருவிழா இரவுகளில் விடியும்வரை நாடகம் பார்த்து வளர்ந்த தலைமுறையினருக்கு, அரிச்சந்திரன் என்றவுடன் நினைவில் எழுபவன் புராணத்து மன்னனல்லன், காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து அவர்களே. அன்னார் 1924 ஆம் ஆண்டிற் பிறந்து 1989 இல் மறைந்தார். அவரை மேடையிற் காணும் பேறு எமக்குக் கிட்டவில்லை. எனினும் இம்மலரில் அவரைப் பற்றி எழுத முற்பட்டமைக்குக் காரணமுண்டு. கல்லூரி மண்டபங்களில் ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் மதிப்புடன் அரங்கேறிய காலத்தில், வைரமுத்து பாடி நடித்த நாடக வகையை வெறும் டிறாமா என்று ஒதுக்கியவர்கள் படித்த வகுப்பினரே. அக்கடன் இன்னும் தீர்ந்தபாடில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழகத்து நாடகக் கம்பெனிகள் கடல் கடந்து வந்து இங்கே கொட்டகையிட்டு ஆடின. அவற்றைப் பார்த்த எம்மவர் தாமும் அவ்வாறு பாடி நடிக்கத் தொடங்கினர். சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகங்கள் அவர்களுக்குப் பெருந்துணையாயின. ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்க, நடிகன் திரைக்குள் நின்றே பாடத் தொடங்கி வெளிப்படுவான். பெண் வேடத்தையும் ஆடவரே தாங்குவர். ஒலிபெருக்கி இல்லாத நாளில், வீதியின் கடைசியிற் பாய் விரித்திருப்போருக்கும் கேட்கும்படி உச்சத்திலே பாட வேண்டும். பாடும்போதே நடிக்கவும் வேண்டும். இசைவாணர் நடிகராவதும் நடிகர் இசைவாணராவதும் அரிது. இரண்டும் ஒருவரிடத்தே கூடி நின்றமையாலன்றோ நடிகமணி என்னும் பட்டம் வைரமுத்துவின் பெயரோடு ஒன்றாயிற்று! அவரது வசந்த கான சபா குடாநாட்டின் ஊர்தோறும் சென்று ஆடியது.

அவர் பல வேடங்கள் தாங்கினார். பக்த நந்தனாராகவும் புகழ் பெற்றார். ஆயினும் மயான காண்டமே அவருக்கு நிலைத்த பெயர் தந்தது. அக்காட்சியை மாணவர் பொருட்டுச் சற்றே விரித்துரைப்பாம். அரசிழந்த அரிச்சந்திரன் காசி மயானத்தில் வீரவாகுவுக்கு அடிமையாகிப் பிணங்காக்கின்றான். நள்ளிரவில் ஒருத்தி, பாம்பு தீண்டி இறந்த மகனைத் தன்னந்தனியே சுமந்து வந்து சிதை அடுக்குகின்றாள். காவலன் தடுத்துக் கால்பணமும் முழத்துண்டும் கேட்கின்றான். கொடுக்க அவளிடம் யாதுமில்லை. கழுத்திலே தாலி இருக்கின்றதே என்கின்றான் அவன். கணவனுக்கன்றிப் பிறர் கண்ணுக்குத் தோன்றாத தாலி அது! எதிரே நிற்பவன் யார் என்பதை அக்கணமே சந்திரமதி அறிகின்றாள். கிடப்பது யாருடைய மகன் என்பதை அவனும் அறிகின்றான். அறிந்த பின்னரும் ஆண்டானுக்குரிய கூலியை அவன் விட்டுக்கொடுக்க இயலாது. அழுகையைத் தொண்டையில் அடக்கிக்கொண்டு சுருதி பிசகாது பாட வேண்டிய இடம் இது. கதையின் முடிவைப் பிள்ளைப் பருவத்திலேயே அறிந்திருந்த சனங்கள் ஒவ்வொரு முறையும் அழுதார்கள். மூவாயிரம் தடவைக்கு மேல் அவர் இதனை நடித்தார் என்பது கலையுலகில் வழங்கும் கணக்கு.

ஒன்றையே திரும்பத் திரும்ப ஆடினார் என்று குறை கூறுவாருமுளர். இரவு முழுவதும் நிகழவேண்டிய அரிச்சந்திர நாடகம் ஒரு காண்டமாகச் சுருங்கியது இழப்பே. ஏனைய காண்டங்களின் பாடல்கள் பல மறக்கப்பட்டன. ஆனால் அதற்கு வைரமுத்து மட்டும் பொறுப்பல்லர். கேட்ட சனங்களுக்கும் அதிற் பங்குண்டு. 1968 இல் சிவாஜி கணேசன் நடித்த அரிச்சந்திரன் படம் வெளிவந்த பின்னரும் கோயில் வீதியிலே பாய் விரிப்பவர் குறையவில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே 1968 இலேதான், காங்கேசன்துறைக்கு அயலிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில், ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே செல்லும் உரிமை கேட்டு அறப்போராட்டம் நடத்தினர். மன்னன் சுடலைக் காவலனாகி நிற்பதையும், நந்தனார் வாயிலில் நின்று ஏங்குவதையும் கண்டு இரவெல்லாம் கண்ணீர் வடித்த சமூகம், பகலிலே அவ்வாயிலைத் திறக்க மறுத்தது. மேடையின் குற்றமன்று இது. பார்த்தவர்கள் கண்ணீரோடு எதனை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்று நாம்தாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிற்க. வைரமுத்து மறைந்த 1989 இல் குடாநாட்டில் இந்தியப் படையினர் நிலைகொண்டிருந்தனர். அடுத்த ஆண்டு நடுப்பகுதியில் மூண்ட போரினால் காங்கேசன்துறையும் அயற்கிராமங்களும் மக்களின்றி வெறுமையாயின. பின்னர் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அவர் பாடிய ஊர்களின் கோயில் வீதிகள் பற்றை மண்டின. இடம்பெயர்ந்தோருட் பலர், திரும்பிவர இருபது ஆண்டுகளுக்கு மேற் காத்திருந்தனர். மேடைக்கு முன்னே பாய் விரித்திருந்த முதியோர் பலர் அதற்குள் இறந்துபோயினர்.

மயான காண்டம் இன்றும் குடாநாட்டில் மேடையேறுகின்றது. கோலை ஊன்றிக்கொண்டு இளம் நடிகரொருவர் பாடி வரும்போது, எஞ்சியிருக்கும் முதியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வேறொரு குரலோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றார்கள்.