கல்முனையில் அறிஞர் அஸீஸ்

இந்துக் கல்லூரி மலரொன்றில் இஸ்லாமியப் பெரியார் ஒருவரின் வரலாற்றை நாம் எழுதப் புகுந்தமை சிலருக்கு வியப்பளித்தல் கூடும். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911ஆம் ஆண்டு பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்றுத் தேறிய ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களை இந்துக் கல்லூரிப் பழைய மாணவர் வரிசையில் வைத்து எண்ணாது விடுதல் எங்ஙனம்?

அன்னார் 1935 இல் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்தார். அச்சேவையிற் புகுந்த முதல் முஸ்லிம் அவரே. பதவியும் மதிப்பும் கைவந்த அவ்விளைஞரின் வாழ்வைத் திருப்பிவிட்டது கல்முனை.

1942 இல் பர்மா யப்பானியர் வசமாயிற்று. இலங்கைக்கு வரும் அரிசி அருகிற்று. உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டு அஸீஸ் அவர்கள் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். இன்று அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்த அக்கரையோரம் அந்நாளில் மட்டக்களப்பு மாவட்டத்துள் அடங்கியிருந்தது. நாட்டுக்கு நெல் விளைத்துக் கொடுத்த உழவரும் கடலை நம்பி வாழ்ந்த மீனவரும் அங்கே வறுமையில் உழன்றனர். அரசாங்க அலுவலோ ஆங்கிலத்தில் நடந்தது. ஏழை தன் குறையைத் தன் வாயாற் கூறினும், ஏட்டில் ஏறும்போது அது பிறர் மொழியாயிற்று. பிறர் கையை நாடாமல் ஒரு விண்ணப்பமும் எழுத இயலவில்லை.

இக்குறைக்கு மருந்து கல்வியே என அன்னார் துணிந்தார். அயலூராகிய காரைதீவு ஈன்ற விபுலாநந்த அடிகளாரின் தொடர்பு அத்துணிவுக்கு உரமாயிற்று. கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் எழுந்தது. அவ்வித்தே 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக முளைத்து, வறிய மாணவர் பலருக்கு உயர்கல்வியின் வாயிலைத் திறந்தது.

1948 இல் சிவில் சேவையைத் துறந்து கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். 1961 வரை அப்பணியாற்றினார். 1952 முதல் செனற் சபையிலும் வீற்றிருந்தார். 1956 இல் தாம் சார்ந்த கட்சி சிங்களம் மாத்திரம் என்னும் கொள்கையைத் தழுவியபோது, அன்னார் அக்கட்சியை விட்டு நீங்கினார். தம் மக்களின் மொழியைப் பறித்தல் அவர்தம் வாயை அடைத்தலாகும் என்பதைக் கல்முனையிற் கண்ணாரக் கண்டவர்க்கு வேறு வழி ஏது?

1973 இல் அன்னார் மறைந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980 இல் கலாநிதிப் பட்டம் வழங்கி அவரை நினைவு கூர்ந்தது. பத்தாண்டு கழிந்து, 1990 ஒக்டோபரில், அவர் பிறந்த மண்ணிலிருந்தே முஸ்லிம் மக்கள் விரட்டப்பட்டனர். அதனை நாம் நாணத்தோடு நினைத்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! நும் ஊரில் எழுதத் தெரியாத முதியவர் ஒருவர் கடதாசியோடு வந்து நின்றால், அவர் எச்சமயத்தவர் என வினவாதீர். அவர் கூறுவதைச் செவிமடுத்து, அவர் கூறியவாறே எழுதிக் கொடுமின். அஸீஸ் அவர்களுக்கு நாம் எடுக்கத்தக்க விழா அதுவே.