விமர்சனத்தில் விளைந்த வரைபடம்

பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்குப் புரதங்களின் உலகம் அந்நியமானது. அண்மையில் என் தங்கை மகள் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் காட்டினாள். செல்லின் சவ்வில் பதிந்து நின்று, சர்க்கரையையும் உப்பு அயனிகளையும் கடத்தும் புரதங்களின் வடிவமைப்பே அவளது ஆய்வுப்பொருள். கண்டறிந்த வடிவம் நம்பத்தக்கதா என்று சரிபார்க்க அவள் பயன்படுத்தியிருந்தது ராமச்சந்திரன் வரைபடம். அந்தப் பெயரே ஜி.என். ராமச்சந்திரனின் வாழ்க்கையைத் தேடிப் படிக்க வைத்தது.

1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர் அவர். தந்தை கணிதப் பேராசிரியர். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தவரை, சர் சி.வி. ராமன் இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவரை, 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்க அழைத்தார் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார். அப்போது ராமச்சந்திரனுக்கு முப்பதை ஒட்டிய வயது.

சென்னைக்கு வந்திருந்த படிகவியல் அறிஞர் ஜே.டி. பெர்னல், தோலிலும் எலும்பிலும் நிறைந்துள்ள கொலாஜன் புரதத்தின் வடிவம் இன்னும் விளங்கவில்லை என்று சொன்னதே தொடக்கம். மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உதவியது. கங்காரு வாலின் தசைநாணும் ஆய்வுக்கு வந்தது. மாணவர் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, 1954-55-இல் மூன்று இழைகள் முறுக்கிய சுருளே அதன் வடிவம் என்று அறிவித்தார்.

அந்த வடிவத்தில் சில அணுக்கள் மிகவும் நெருங்கி நிற்பதாகக் கிரிக்கும் ரிச்சும் குறை கூறினர். அவர் அதை ஒரு கேள்வியாக மாற்றிக்கொண்டார்: அணுக்கள் எவ்வளவுதான் நெருங்க முடியும்? அறியப்பட்ட படிகங்களிலிருந்து இடைவெளிகளைத் திரட்டி, ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு சுழற்சிக் கோணங்கள் உண்டு. அவற்றுள் பெரும்பாலான இணைகளில் அணுக்கள் மோதிக்கொள்ளும். சில பகுதிகளில் மட்டுமே சங்கிலி இயல்பாக மடங்கும். 1963-இல் வெளியான வரைபடம் காட்டியது இதைத்தான். செல் சவ்வின் புரதங்களும் இதற்கு விலக்கல்ல.

1971-இல் லட்சுமிநாராயணனுடன் இணைந்து எழுதிய ஆய்வு, ஊடுகதிர்ப் பதிவுகளிலிருந்து உடலின் உட்படத்தை மீட்டெடுக்கும் கணிதத்துக்கு வலுச் சேர்த்தது. 1977-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நோபல் கிட்டவில்லை. 2001-இல் சென்னையில் மறைந்தார்.

முதலீட்டுக்கு உடனே பலன் கேட்பது என் துறையின் பழக்கம். 1952-இல் அந்த நியமனத்தின் வருவாயை எந்தப் பொருளியலாளராலும் கணித்திருக்க முடியாது. இன்று நம் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் இடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடக்கும்போது, மிச்சமாகும் சம்பளம் மட்டுமே கணக்கில் தெரிகிறது. அந்த இருக்கைகளில் பிறக்காமல் போகும் வரைபடங்கள் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் நட்டமாக எழுதப்படுவதில்லை.