தீரர் சத்தியமூர்த்தி: கேள்வி கேட்ட வக்கீல், தண்ணி கொண்டுவந்த மேயர்

ஓரிக்கையில இருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனா உத்திரமேரூர். அங்க இருக்கிற சோழர் கால குடவோலைக் கல்வெட்டைப் பத்தி ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க. ஓலை எடுத்துத் தேர்ந்தெடுத்த ஆளுங்க என்ன வேலை பார்த்தாங்கன்னு யோசிச்சிருக்கீங்களா? அதுல ஒரு குழுவுக்குப் பேரே ஏரி வாரியம். ஊர்த் தண்ணியைப் பார்த்துக்கணும், அதான் வேலை.

ஆயிரம் வருஷம் கழிச்சு சென்னைக்காக அதே வேலையில இறங்கினவர் ஒரு வக்கீல்: சத்தியமூர்த்தி.

1887ல் புதுக்கோட்டை சமஸ்தானத்துத் திருமயத்தில் பிறந்தார். சென்னையில சட்டம் படிச்சு வக்கீலானார். ஆனா கோர்ட்டை விட காங்கிரஸ் மேடைதான் அவரை இழுத்துச்சு. 1923ல் சென்னை மாகாண சட்டசபைக்குப் போனார். 1934 தேர்தல்ல ஏ. ராமசாமி முதலியாரைத் தோற்கடிச்சு டெல்லி மத்திய சட்டசபைக்கே போயிட்டார். அங்க கேள்வி நேரம் வந்தாலே அதிகாரிகளுக்கு உதறல்தான். சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ற மாதிரி, ஒரு பதிலைப் பிடிச்சு அதுலயே அடுத்த கேள்வியைப் போடுவார்.

அவர் வாதாடினது எல்லாமே சரின்னு நினைச்சுடாதீங்க. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில போராடினப்போ, இவர் எதிர்ப்பக்கம் நின்னார். ரெண்டு பேருமே புதுக்கோட்டைக்காரங்க. கடைசியில 1947ல் சட்டம் வந்துச்சு, முத்துலட்சுமி பக்கம்தான் நியாயம்னு ஆச்சு. நல்லா பேசத் தெரிஞ்சவங்களும் தப்பான பக்கம் நிற்கலாம். டிபேட் கிளப்ல இருக்கிறவங்க இதைக் குறிச்சு வச்சுக்கோங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. 1936ல் மாகாண காங்கிரஸுக்கு இவர் தலைவர், காமராஜர் செயலாளர். 1940ல் அப்படியே தலைகீழ்: காமராஜர் தலைவர், இவர் செயலாளர். தான் வளர்த்த ஜூனியருக்குக் கீழ வேலை பார்க்க நம்மள்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?

இப்போ தண்ணிக்கு வருவோம். 1939ல் சென்னை மேயரானார். நகரத்துல குடிதண்ணிக்குப் பஞ்சம், உலகப்போர் வேற ஆரம்பிச்சாச்சு. அரசாங்கத்தை விடாம நெருக்கி, திருவள்ளூர் பக்கம் பூண்டியில கொசஸ்தலை ஆற்றுக்குக் குறுக்கே நீர்த்தேக்கம் கட்ட வச்சார். 1940ல் அடிக்கல் நாட்டினாங்க.

முடிஞ்சதைப் பார்க்க அவர் இல்லை. 1942 ஆகஸ்ட் போராட்டத்துல கைதாகி அமராவதி சிறைக்குப் போனார். அங்க உடம்பு ரொம்ப மோசமாகி, 1943 மார்ச் 28ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்தார். வயசு 55. பூண்டி அணை திறந்தது 1944ல்.

அதுக்கு இப்போ சத்தியமூர்த்தி சாகர்னு பேர். ஆந்திராவுல இருந்து வர்ற கிருஷ்ணா தண்ணியும் கால்வாய் வழியா அங்கதான் வந்து சேருது. அரசோட நீரியல் ஆராய்ச்சி நிலையமும் அங்கேயே இருக்கு. சிவில் பசங்களே, அடுத்த ஐ.வி.க்கு ஊட்டி கொடைக்கானல்னு லெட்டர் எழுதுறதுக்கு முன்னாடி, பூண்டியையும் லிஸ்ட்ல சேருங்க.