நாட் கிங் கோல்

நாட் கிங் கோல் (மார்ச் 17, 1919 – பெப்ரவரி 15, 1965) அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞரும் பாடகரும் ஆவார். அலபாமா மாநிலத்தில் மாண்ட்கமரி நகரில் பிறந்து, சிகாகோவில் வளர்ந்தார். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த தாயாரே இவரது முதல் ஆசிரியர். 1937இல் லாஸ் ஏஞ்சலஸில் பியானோ, கிட்டார், பாஸ் மட்டும் கொண்ட மூவர் குழுவை அமைத்தார். பெரிய இசைக்குழுக்கள் கோலோச்சிய காலம் அது. பின்னர் குரலுக்குக் கிடைத்த புகழ் இவரது பியானோத் திறனை மறைத்துவிட்டது என்றே கூறலாம்.

ஏப்ரல் 10, 1956 அன்று பர்மிங்காம் நகரில், வெள்ளையர் மட்டுமே அமர்ந்திருந்த அரங்கில் பாடிக்கொண்டிருந்தபோது வெள்ளை இனவாதிகள் மேடையேறி இவரைத் தாக்கினர். அதே ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மீண்டும் பியானோ முன் அமர்ந்து, தமது பழைய பாடல்கள் சிலவற்றையும் ஜாஸ் கலைஞர்கள் வழிவழியாகப் பாடிவந்த பாடல்களையும் சிறு குழுவுடன் பதிவு செய்தார். ஹாரி எடிசன் (ட்ரம்பெட்), ஸ்டஃப் ஸ்மித் (வயலின்) முதலியோர் உடன் வாசித்தனர். கேப்பிட்டல் நிறுவனம் 1957இல் "ஆஃப்டர் மிட்நைட்" என்ற பெயரில் இதனை வெளியிட்டது. இவரைப் பாடகராக மட்டும் அறிந்தோர் முதலில் கேட்க வேண்டிய இசைத்தொகுப்பு இதுவே.

நவம்பர் 1956இல் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கிய இவரது நிகழ்ச்சிக்கு, கறுப்பினத்தவர் நடத்துவது என்பதால் நாடளாவிய விளம்பரதாரர் எவரும் முன்வரவில்லை; 1957 டிசம்பரில் அது நின்றது. நுரையீரல் புற்றுநோயால் 45ஆம் வயதில் சான்டா மோனிகாவில் காலமானார்.